கண்ணாடி உடையுமா என்று கேட்காதீர்கள், எப்படி உடையும் என்று கேளுங்கள்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாப்பாவின் காலத்திலிருந்தே நாங்கள் ஹாட்வெயார் வியாபாரம் செய்து வருகின்றோம். ஆணி, பூட்டு, பெயின்ட், பைப் என்று தொடங்கி, பின்னர் குளியலறைச் சாமான்கள் வரை வந்து சேர்ந்தோம். இத்தனை வருடங்களில் எத்தனையோ பொருட்களை நிறுத்தும் அளந்தும் தட்டிப் பார்த்தும் வாங்கியிருக்கின்றேன். ஆனால் என் சொந்தக் கடைக்குப் போட்ட கண்ணாடியை மட்டும், தடிப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு வாங்கிவிட்டேன். மூன்றாவதாக ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கின்றது. என்றாலும் புதிதாகக் கடை கட்டுகின்றவர்களுக்கும், பள்ளிவாசல், மத்ரஸா நிர்வாகங்களில் இருக்கின்ற சகோதரர்களுக்கும் பிரயோசனப்படும் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகின்றேன்.

2012ஆம் ஆண்டு கடையின் முன்பகுதியை இடித்துக் காட்சியறையாக மாற்றினோம். முகப்பு முழுவதும் நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் அகலமான கண்ணாடிப் பலகைகள். "டெம்பர் கண்ணாடிதானே?" என்று கொந்தராத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "ஓம் ஹாஜியார், எல்லாம் டெம்பர்தான்" என்றார். பற்றுச்சீட்டில் "10 மி.மீ. கிளியர்" என்று மட்டும் எழுதியிருந்தது. பொருத்துகின்ற நாளில் ஒரு பலகை கால் அங்குலம் நீளமாக வந்துவிட்டது. "பிரச்சினை இல்ல முதலாளி" என்று பாஸ் கட்டரை எடுத்து ஒரே இழுவையில் அந்தக் கால் அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டார். அவருடைய கைத்திறனை நான் மெச்சினேன். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஏன் என்று பின்னர் சொல்கின்றேன்.

காட்சியறை திறந்து ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை. வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் குடும்பத்தோடு சாமான் பார்க்க வந்திருந்தார். வெளியில் நின்ற வாகனத்தில் எதையோ எடுக்க அவருடைய ஒன்பது வயது மகன் ஓடினான். கதவு என்று நினைத்து, கதவுக்குப் பக்கத்துப் பலகையில் போய் மோதினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கின்றது. கண்ணாடி நீண்ட வாள்களைப் போல உடைந்தது. மேலே தங்கி நின்ற ஒரு துண்டு ஒரு விநாடி கழித்தே கீழே விழுந்தது. பிள்ளையின் முன்னங்கையும் தொடையும் கிழிந்தன. அல்லாஹ்வின் கிருபையால் கழுத்துத் தப்பியது. ஆஸ்பத்திரியில் பல தையல்கள் போட்டார்கள்.

அந்தத் தகப்பன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை, பொலிஸுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: "ஹாஜியார், இது இப்படி உடையிற கண்ணாடி என்டு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இந்தத் தெருவிலே பிறந்து வளர்ந்த ஹாட்வெயார்காரனுக்குத் தெரியாது.

ஒரே தோற்றம், மூன்று சாதி

கட்டடங்களுக்குப் போடுகின்ற கண்ணாடியை மூன்று சாதியாகப் பிரித்துக்கொண்டால் போதும். வெறும் கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

முதலாவது சாதாரணக் கண்ணாடி. உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959இல் அறிமுகப்படுத்தியது. இன்று நாம் காணும் சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்த முறையில் வருவதே. இது உடைந்தால் நீண்ட, கூரான துண்டுகளாகப் பிரியும். தடிப்பைக் கூட்டினால் பாதுகாப்புக் கூடும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். தடிப்புக் கூடினால் உடைவதற்குக் கூடிய அடி தேவை என்பது உண்மைதான். ஆனால் உடைந்து விழும் துண்டின் பாரமும் கூடுகின்றது. 10 மில்லிமீற்றர் கண்ணாடியில் ஓரடிக்கு ஓரடித் துண்டொன்று 2 கிலோவுக்கு மேல் நிறுக்கும். கத்தி முனையோடு 2 கிலோ பாரம் தலைக்கு மேலே தொங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது டெம்பர் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைத் தேவையான அளவுக்கு வெட்டி, துளைகளும் போட்டு முடித்த பிறகு, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர வைக்கின்றார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிந்திக் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டத்தைச் சூடாக்கி மாட்டுவதைக் கண்டிருப்பீர்கள். பட்டம் குளிரும்போது மரத்தை நெருக்குகின்றதல்லவா, அது போன்ற ஒரு நெருக்கம் இங்கே கண்ணாடியின் தோலில் இருக்கின்றது. அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு வரை வலு என்பார்கள். உடைந்தால் முழுப் பலகையும் ஒரே நேரத்தில் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். சிராய்ப்பு வரலாம், ஆழமான வெட்டு வருவது அரிது.

இந்தக் கண்ணாடியை டெம்பர் செய்த பிறகு வெட்டவே முடியாது. கட்டரை வைத்து அழுத்தினால் முழுப் பலகையும் நொறுங்கிவிடும். என் கடையில் பாஸ் கால் அங்குலத்தை அழகாக வெட்டி எடுத்தார் என்றால், அது டெம்பர் அல்ல என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை. கண் முன்னால் நடந்தது, எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது லெமினேட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் படலத்தை வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டியது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்டஸ் தன் ஆய்வுகூடத்தில் கீழே விழுந்த ஒரு கண்ணாடிக் குடுவை வெடித்தும் சிதறாமல் இருந்ததைக் கண்டு, உள்ளே காய்ந்திருந்த படலமே அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்து, 1909இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார் என்பது வரலாறு. இது உடையும், ஆனால் உடைந்த துண்டுகள் படலத்தில் ஒட்டியபடியே நிற்கும்.

உங்கள் வேனை எடுத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியில் கல் பட்டால் சிலந்தி வலை போல வெடிக்கும், ஆனால் விழாது. அது லெமினேட். பக்கத்து ஷட்டர் உடைந்தால் பெரும்பாலும் பொடிப்பொடியாகக் கொட்டும். அது டெம்பர். வாகனத்தில் நமக்குக் கிடைக்கின்ற பாதுகாப்பை, நாள் முழுவதும் ஆட்கள் வந்து போகும் கடையில் நாம் கேட்டு வாங்குவதில்லை.

பையைத் தொங்கவிட்டு அடிக்கின்றார்கள்

2013இல் குளியலறைச் சாமான் வாங்குவதற்காகச் சீனாவின் போஷான் நகருக்குப் போயிருந்தேன். அங்குள்ள ஏஜென்டிடம், "தம்பி, எனக்கு ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். கண்ணாடி இறக்குமதி செய்யப் போகின்றேன் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார். கண்ணாடி எப்படி உடைகின்றது என்று பார்க்கவே நான் போனேன்.

தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு கண்ணாடிப் பலகையை நிமிர்த்தி நான்கு பக்கமும் இறுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால், குத்துச்சண்டை பழகுவோர் அடிக்கின்ற பையைப் போல ஒரு தோல் பை வயரில் தொங்கியது. உள்ளே முழுவதும் ஈயக் குண்டுகள், பாரம் 45 கிலோ. பையைப் பின்னால் இழுத்து, குறித்த உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட்டார்கள். அது ஊஞ்சல் போல வந்து கண்ணாடியின் நடுவில் மோதியது. பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஓர் ஆள் கண்ணாடியில் போய் மோதுவதைத்தான் அந்தப் பை நடித்துக் காட்டுகின்றது. ஆள் என்பது இரும்புக் குண்டு அல்ல, பாரமுள்ள, மெதுமையான உடம்பு. ஆகவே பரிசோதனைப் பொருளும் அப்படியே இருக்க வேண்டும்.

45 கிலோ என்பது 100 இறாத்தல். அமெரிக்காவில் கண்ணாடிக் கதவுகளில் மோதிப் பிள்ளைகளும் பெரியவர்களும் காயப்படுவது பெரும் பிரச்சினையாகியபோது, அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 1977இல் கதவுகள், குளியலறை அடைப்புகள் போன்றவற்றுக்கான கண்ணாடிக்குக் கட்டாயத் தரநிர்ணயம் கொண்டுவந்தது. அதிலும் இந்த 100 இறாத்தல் பைதான். சிறிய பலகைகளுக்கு 18 அங்குல உயரத்திலிருந்தும், பெரிய பலகைகளுக்கு 48 அங்குல உயரத்திலிருந்தும் பையை விட்டார்கள். பிரித்தானியாவும் 1981இல் வெளியிட்ட தன் பி.எஸ். 6206 தரநிர்ணயத்தில் இதே மாதிரிப் பையைப் பயன்படுத்தியது.

பைக்கு ஒரு குறை இருந்தது. அடிக்க அடிக்கத் தோல் தளர்ந்து, குண்டுகள் இடம் மாறி, ஒரு பையின் அடியும் இன்னொரு பையின் அடியும் வித்தியாசப்படும். ஆகவே ஐரோப்பாவில் ஈ.என். 12600 என்ற தரநிர்ணயத்தில் பைக்குப் பதிலாக இரண்டு சிறிய டயர்களைச் சேர்த்து, மொத்தம் 50 கிலோ வரும்படி செய்தார்கள். டயரில் காற்று சுமார் 50 பி.எஸ்.ஐ. காற்றின் அளவை மீற்றர் வைத்துச் சரிபார்க்கலாம் என்பதால், எந்த நாட்டில் அடித்தாலும் அடி ஒரே மாதிரி இருக்கும்.

இந்தப் பரிசோதனையில் மூன்று உயரங்கள் உண்டு: 190, 450, 1200 மில்லிமீற்றர். தராசு பிடித்த கைக்கு இந்தக் கணக்கு இலகுவாக விளங்கும். 190இலிருந்து விடும்போது டயர் கண்ணாடியைத் தொடும் வேகம் மணிக்குச் சுமார் 7 கிலோமீற்றர், அதாவது அவசரமாக நடக்கின்ற ஆள். 450இலிருந்து என்றால் சுமார் 11 கிலோமீற்றர், மெல்ல ஓடுகின்ற ஆள். 1200இலிருந்து என்றால் 17 கிலோமீற்றருக்கும் மேல், விழுந்தடித்து ஓடுகின்ற ஆள். என் கடையில் மோதிய பிள்ளை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வந்திருப்பான் என்று நினைக்கின்றேன்.

தேறுவதற்கு இரண்டு வழி

நான் எதிர்பாராதது இதுதான். கண்ணாடி உடைந்தால் அது பெயில் அல்ல. உடையாமல் நின்றால் பாஸ்தான். உடைந்தாலும், பாதுகாப்பான முறையில் உடைந்தால் அதுவும் பாஸ்தான். அந்தப் பாதுகாப்பான முறையை அளப்பதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கின்றார்கள்.

ஒன்று, லெமினேட் போன்றவற்றுக்கு. வெடித்த கண்ணாடியில் 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குல உருண்டை ஒன்றை மெல்லத் தள்ளிப் பார்க்கின்றார்கள். அது நுழைந்து போகக்கூடிய ஓட்டையோ கிழிசலோ இருக்கக்கூடாது. அந்த அளவு ஓட்டை விழுந்தால் ஒரு கை புகுந்துவிடும். கழன்று விழும் துண்டுகளுக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது வழி, டெம்பர் கண்ணாடிக்கு. அது கொட்டிவிடும் என்பதால் ஓட்டையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கொட்டிய குவியலிலிருந்து மூன்று நிமிடத்துக்குள், வெடிப்பில்லாத துண்டுகளில் ஆகப் பெரிய பத்தைப் பொறுக்கித் தராசில் வைக்கின்றார்கள். அந்தப் பத்தின் மொத்தப் பாரம், அதே கண்ணாடியில் 65 சதுர சென்ரிமீற்றர் துண்டின் பாரத்தைத் தாண்டக்கூடாது. 10 மில்லிமீற்றர் கண்ணாடியில் அது சுமார் 160 கிராம். பத்தும் சேர்ந்து 160 கிராம் என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சிறியது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். என் கடையில் உடைந்த பலகையின் ஒரு துண்டை மட்டும் இந்தத் தராசில் வைத்திருந்தால், கிலோக்கணக்கில் காட்டியிருக்கும்.

டெம்பர் கண்ணாடிக்கு இதைவிட எளிய ஒரு சோதனையும் உண்டு. பலகையின் நீண்ட ஓரத்தின் நடுவில், விளிம்பிலிருந்து 13 மில்லிமீற்றர் உள்ளே, கூரான ஆணி போன்ற கருவியால் ஒரு தட்டு. முழுப் பலகையும் நொறுங்கும். பிறகு 50 மில்லிமீற்றர் சதுரமாக ஒரு சட்டத்தை அதன் மேல் வைத்து, உள்ளே எத்தனை துண்டுகள் என்று எண்ணுகின்றார்கள். ஐரோப்பிய தரநிர்ணயப்படி 4 முதல் 12 மில்லிமீற்றர் வரையான கண்ணாடியில் ஆகக் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். குறைந்தால் உலையில் சூடோ காற்றோ போதாது என்று அர்த்தம். போஷானில் என்னையும் எண்ணச் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சான்றிதழில் உள்ள எழுத்துக்களை வாசிப்பது

ஈ.என். 12600 சான்றிதழில் "1(சி)2" என்பது போன்ற ஒரு குறி இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

முதல் இலக்கம், எந்த உயரம் வரை அந்தக் கண்ணாடி உடையாமல் நின்றது அல்லது பாதுகாப்பாக உடைந்தது என்பதைச் சொல்கின்றது. 1 என்றால் ஆகக் கூடிய 1200 மி.மீ., 2 என்றால் 450, 3 என்றால் 190. நடுவில் உள்ள எழுத்து உடைகின்ற விதம். ஏ என்றால் சாதாரணக் கண்ணாடி போலக் கூரான துண்டுகள், பி என்றால் வெடித்தும் ஒட்டி நிற்பது, சி என்றால் பொடியாகக் கொட்டுவது. கடைசி இலக்கம் முக்கியமானது. எந்த உயரம் வரை அது உடையாமலோ, உடைந்தும் ஓட்டை விழாமலோ ஆளைத் தடுத்து நிறுத்தியது என்பதை அது காட்டுகின்றது. அங்கே 0 என்று இருந்தால், ஆகக் குறைந்த உயரத்து அடியிலேயே கண்ணாடி போய்விட்டது, ஆளைத் தடுக்கவில்லை என்று பொருள்.

நிலமட்டத்துக் கடையில் இது பெரிய விடயமில்லை. ஆனால் நான்காம் மாடியில், நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர் என்றால் கதை வேறு. அங்கே டெம்பர் கண்ணாடி பொடியாகக் கொட்டினால் மோதியவருக்கு வெட்டு விழாது, ஆனால் அவருக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. ஆகவே ஆள் விழக்கூடிய உயரங்களில், மாடிப்படி ஓரங்களில், பல்கனிகளில் லெமினேட் கண்ணாடி வேண்டும். டெம்பர் செய்த இரண்டு கண்ணாடிகளை லெமினேட் செய்தும் போடுகின்றார்கள்.

லெமினேட் ஏன் தேவை என்பதற்குக் கொழும்புவாசிகளுக்கு ஒரு கசப்பான ஞாபகம் உண்டு. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சுற்றியிருந்த கட்டடங்களின் ஜன்னல்கள் சிதறி, பலர் கண் பார்வையை இழந்தனர். குண்டுக்குத் தாங்கும் கண்ணாடிக்குப் பரிசோதனைகள் வேறு. ஆனாலும் பறக்கின்ற கண்ணாடித் துண்டு என்ன செய்யும் என்பதை அன்று நாம் கண்டோம்.

கண்ணாடி தேறினாலும் சுவர் தேற வேண்டும்

மேலே சொன்ன பரிசோதனையில் கண்ணாடியை ஆய்வுகூடத்தின் இரும்புச் சட்டத்தில் இறுக்கி அடிக்கின்றார்கள். உங்கள் கட்டடத்தில் அது நிற்பதோ அலுமினியம் பிரேமிலும் ரப்பரிலும் சிலிக்கனிலும். இந்த வித்தியாசத்தைக் காட்டுகின்ற ஒரு சம்பவம் 1993இல் கனடாவின் டொரண்டோ நகரில் நடந்தது. உயர்ந்த அலுவலகக் கட்டடமொன்றின் 24ஆம் மாடியில், ஒரு சட்டத்தரணி கண்ணாடி எவ்வளவு வலுவானது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத் தன் உடம்பால் ஜன்னலில் மோதினார். முன்பும் அப்படிச் செய்து காட்டியவர். அன்று கண்ணாடி உடையவில்லை. ஆனால் முழுக் கண்ணாடியும் பிரேமிலிருந்து கழன்று போய்விட்டது. அவர் கீழே விழுந்து இறந்தார்.

ஆகவே உயரமான கட்டடங்களில் கண்ணாடி, பிரேம், ஸ்க்ரூ, ரப்பர் எல்லாவற்றையும் உண்மையில் பொருத்துவது போலவே பொருத்தி, முழு அமைப்பையும் அடித்துப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் ஆள் விழாமல் தடுக்கின்ற கண்ணாடிகளுக்கு இப்படியான விதிகள் உண்டு. அதே 50 கிலோ இரட்டை டயரை, கண்ணாடி இருக்கும் இடத்தைப் பொறுத்து 450, 700, 900 மில்லிமீற்றர் உயரங்களிலிருந்து விடுகின்றார்கள். மாடிக் கட்டடம் கட்டுகின்றவர்கள் தங்கள் பொறியியலாளரிடம், "கண்ணாடியின் சான்றிதழ் இருக்கட்டும், இந்தச் சுவர் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டதா?" என்று கேட்பதில் தவறில்லை.

இந்தப் பரிசோதனைக்குள் வராதவை

ஆள் மோதும் பரிசோதனையில் தேறிய கண்ணாடி கள்ளனையும் தடுக்கும் என்று நினைக்கக்கூடாது. நகைக் கடைக்காரர்களுக்கு வேறொரு பரிசோதனை இருக்கின்றது. அதில் 4 கிலோவுக்குச் சற்றுக் கூடிய இரும்புக் குண்டை ஒன்றரை மீற்றர் தொடக்கம் ஒன்பது மீற்றர் வரை உயரத்திலிருந்து கண்ணாடியின் மேல் போடுகின்றார்கள். அதற்கு மேலான வகுப்புகளுக்குக் கோடரியாலும் வெட்டிப் பார்க்கின்றார்கள். டெம்பர் கண்ணாடி உடம்பின் மோதலைத் தாங்கும், ஆனால் ஒரு கூரான ஆணித் தட்டில் போய்விடும். அதனால்தான் நகைக் கடைக்குத் தடித்த லெமினேட் வேண்டும் என்பது.

கம்பி வலை வைத்த பழைய கண்ணாடியைப் பாதுகாப்பானது என்று நம்புகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். அந்தக் கம்பி நெருப்பின்போது கண்ணாடி விழாமல் பிடித்துக்கொள்வதற்கே. பழைய வகைக் கம்பிக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட வலுக் குறைந்தது. கை உள்ளே போனால் கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

இன்னொன்று, டெம்பர் கண்ணாடி சில வேளை யாரும் தொடாமலேயே உடைவது. "கண்ணூறு" என்பார்கள். கண்ணாடிக்குள் அகப்பட்ட நிக்கல் சல்பைட் என்ற மிகச் சிறிய துகள் காலப்போக்கில் பருத்து உள்ளிருந்து வெடிக்கச் செய்வதுதான் அதற்கு ஒரு முக்கிய காரணம். இதைக் குறைப்பதற்கு, டெம்பர் செய்த பலகைகளை மீண்டும் 250 பாகைக்கு மேல் சில மணித்தியாலம் சூட்டில் வைத்து, உடைவதைத் தொழிற்சாலையிலேயே உடைய விடுகின்றார்கள். தலைக்கு மேலே வருகின்ற கண்ணாடி என்றால் இந்தச் சூட்டுச் சோதனை செய்ததா என்று கேளுங்கள்.

எந்த இடத்தில் கட்டாயம்

எல்லா ஜன்னலுக்கும் விலை கூடிய கண்ணாடி போட வேண்டியதில்லை. பிரித்தானிய கட்டட வழிகாட்டியில் ஆபத்தான இடங்களைத் தெளிவாகக் குறித்திருக்கின்றார்கள். கதவுகளிலும், கதவின் இரண்டு பக்கமும் 300 மில்லிமீற்றர் வரையிலும், நிலத்திலிருந்து 1500 மில்லிமீற்றர் உயரம் வரை. மற்றச் சுவர்களிலும் ஜன்னல்களிலும் நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றர் வரை. என் கடையில் உடைந்த பலகை கதவுக்கு ஒட்டியிருந்தது. ஆள் கதவென்று நினைத்து மோதுவது அங்கேதான் என்பதை அந்த வழிகாட்டியை எழுதியவர்கள் அறிந்திருக்கின்றார்கள்.

அதே வழிகாட்டியில் செலவே இல்லாத ஒரு பாதுகாப்பும் உண்டு. பெரிய கண்ணாடியில் ஆள் காணும்படி ஏதாவது ஓர் அடையாளம் இரண்டு உயரங்களில் இருக்க வேண்டும்: 850 முதல் 1000 மில்லிமீற்றருக்குள் ஒன்று, 1400 முதல் 1600க்குள் ஒன்று. ஒன்று பிள்ளையின் கண்ணுக்கு, மற்றது பெரியவரின் கண்ணுக்கு. கடையின் பெயரையோ ஒரு வெள்ளைக் கோட்டையோ ஒட்டினால் போதும். நான் என் காட்சியறையில் ஸ்டிக்கர் ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று மறுத்தவன்.

இப்போது பல பள்ளிவாசல்களில் குளிரூட்டிய தொழுகை மண்டபத்தைக் கண்ணாடியால் அடைக்கின்றார்கள். வுழூச் செய்துவிட்டு ஈரக் காலோடு, இகாமத் சத்தம் கேட்டு அவசரமாக வருகின்ற இடம் அது. பிள்ளைகள் ஓடுகின்ற இடமும் அதுவே. நிர்வாகிகள் தயவுசெய்து ஒரு தடவை போய் அந்தக் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

டெம்பர் கண்ணாடியின் ஒரு மூலையில் அழிக்க முடியாத முத்திரை இருக்க வேண்டும். செய்தவர் பெயரும் தரநிர்ணய இலக்கமும் அதில் இருக்கும். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். போலரைஸ்ட் வெயில் கண்ணாடி அணிந்து பார்த்தால் டெம்பர் கண்ணாடியில் நிழல் போன்ற புள்ளிகளோ கோடுகளோ தெரியும். லெமினேட் என்றால் விளிம்பில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலத்தின் கோடு தெரியும்.

விலைமனுவிலும் பற்றுச்சீட்டிலும் தடிப்பு மட்டும் போதாது. "டெம்பர்" அல்லது "லெமினேட்" என்ற சொல்லும், எந்தத் தரநிர்ணயம், எந்த வகுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வேலைத் தளத்தில் யாராவது கட்டரை எடுத்தால் வேலையை நிறுத்துங்கள். டெம்பர் கண்ணாடியின் அளவு பிழைத்தால் புதிதாகச் செய்துதான் வர வேண்டும், வேறு வழி இல்லை.

ஏற்கெனவே சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டவர்கள், மாற்ற வசதி இல்லாவிட்டால், பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். 100 மைக்ரோன் அளவு தடிப்பில் இதற்கென்றே வருகின்றது. உடைந்தாலும் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். வெயிலுக்கு ஒட்டுகின்ற மெல்லிய கறுப்புப் படலம் இதுவல்ல. படலத்துக்கும் ஈ.என். 12600 பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள்.

என் காட்சியறையின் முகப்பை அந்த வருடமே முழுவதும் மாற்றினேன். டெம்பருக்கும் சாதாரணத்துக்கும் இருந்த விலை வித்தியாசம், முழு வேலையின் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிள்ளையின் வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அந்தத் தகப்பன் முதலில் மறுத்தார், பிறகு என் மன ஆறுதலுக்காக வாங்கிக்கொண்டார். கொந்தராத்துக்காரர் என்னை ஏமாற்றினாரா, அவரையே வேறொருவர் ஏமாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. பற்றுச்சீட்டில் எழுதாத ஒன்றை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த ஆள். போன வருடம் தன் வாப்பாவோடு கடைக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது சட்டைக் கை மேலேறி, முன்னங்கையில் அந்த நீண்ட தழும்பு தெரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. போகும்போது கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஸலாம் சொல்லிப் போனார்.